அலுவலக நெட்வொர்க்கில் கார்ட்லெஸ் போன்: கோளாறு காற்றிலா, கேபிளிலா, கணக்கிலா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாடி அலுவலகம், பின்பக்கம் ஒரு கிடங்கு. மேசைகளில் ஏற்கெனவே நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி போன்கள் இருக்கின்றன. நடமாடிக்கொண்டே பேச வேண்டிய பன்னிரண்டு பேருக்குக் கார்ட்லெஸ் போன் தேவை. முதலில் ஒரு பேஸும் (ரேடியோ வழியே போன்களை இணைக்கும் பெட்டி) நான்கு ஹேண்ட்செட்டும் (கையில் எடுத்துச் செல்லும் போன்) வாங்கி, பேஸை சர்வர் அறையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். கிடங்குக்குப் போனால் பேச்சு அறுந்துவிடுகிறது. வெளி அழைப்புகள் சிலவற்றில் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறது. காலையில் நன்றாக ஒலிக்கும் போன் மதியம் ஒலிப்பதே இல்லை. வைஃபையிலேயே ஓட்டிவிடலாமா, இல்லை இதையே சரிசெய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

சரிசெய்யலாம். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று கோளாறுகளும் ஒரே கோளாறு இல்லை. அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஹேண்ட்செட்டில் பேசும் குரல் மூன்று கட்டமாகப் பயணம் செய்கிறது. ஹேண்ட்செட்டிலிருந்து பேஸ் வரை காற்று. பேஸிலிருந்து ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி), ரூட்டர் வழியாக கேபிள். அதற்கு அப்பால் உங்கள் பிபிஎக்ஸ் (அலுவலக அழைப்புகளை இணைக்கும் தொலைபேசி மையம்) அல்லது இணையத்தில் இருக்கும் தொலைபேசிச் சேவை. அங்கே உங்களை அடையாளம் காட்டுவது எக்ஸ்டென்ஷன் கணக்கு, அதாவது உங்கள் உள் எண். இதில் பதிவு என்பதும் இரண்டு இடத்தில் நடக்கிறது. ஹேண்ட்செட் பேஸிடம் பதிவாகிறது, அது காற்றில். பேஸ் அந்த ஹேண்ட்செட்டுக்காக பிபிஎக்ஸிடம் பதிவாகிறது, அது நெட்வொர்க்கில். ஒன்று சரியாக இருந்து மற்றது போயிருந்தாலும் போன் வேலை செய்யாது. ஆனால் ஹேண்ட்செட் திரையில் சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரியும். பார்ப்பவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைப்பார். சிக்னல் கோடுகள் காட்டுவது முதல் கட்டத்தை மட்டும்தான்.

உங்கள் மூன்று புகார்களையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். கிடங்கில் அறுவது காற்றுப் பிரச்சினை. ஒரு பக்கக் குரல், பெரும்பாலும் ரூட்டரிலோ ஃபயர்வாலிலோ (நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் காவல்) இருக்கும் பிரச்சினை. மதியம் ஒலிக்காதது பதிவுப் பிரச்சினை. புது பேஸ் வாங்கினால் முதலாவது மட்டும்தான் தீரும்.

முதலில் வைஃபை பற்றி. இந்தப் பேஸும் ஹேண்ட்செட்டும் பேசிக்கொள்வது டெக்ட் என்னும் முறையில். குரலுக்கென்றே ஐரோப்பாவில் உருவாகி 1992-ல் தரப்படுத்தப்பட்டது. ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை இதற்கென ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தைப் பத்து அலைவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை 24 நேரக்கூறுகள் ஓடுகின்றன. பன்னிரண்டு போக, பன்னிரண்டு வர. பேச ஆரம்பித்ததும் உங்களுக்கென ஒரு ஜோடிக் கூறு கிடைத்துவிடும். பேசி முடிக்கும்வரை அது உங்களுடையது. எந்த இடம் அமைதியாக இருக்கிறது என்று ஹேண்ட்செட்டே கேட்டுத் தேர்ந்துகொள்கிறது. வைஃபையில் செய்வதுபோல் சேனல் எண்களை உட்கார்ந்து திட்டமிட வேண்டியதில்லை.

வைஃபையில் குரலுக்குத் தனி இடம் இல்லை. ஒருவர் பெரிய கோப்பு இறக்கும்போது, இன்னொருவர் வீடியோ பார்க்கும்போது, உங்கள் குரலும் அதே வரிசையில் நிற்கிறது. முன்னுரிமை கொடுக்க வழி இருக்கிறது, ஆனால் அதை எல்லாக் கருவிகளும் மதிக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், நடக்கும்போது ஒரு ஆக்சஸ் பாயிண்டிலிருந்து (வைஃபை பரப்பும் பெட்டி) அடுத்ததற்கு மாறுவது. எப்போது மாறுவது என்று போன்தான் முடிவெடுக்கும். பல போன்கள் பழைய பாயிண்டையே கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும். பேட்டரியும் வேகமாகத் தீரும். குரலுக்கென்றே அளந்து நிறுவிய வைஃபை உள்ள கட்டடத்தில் வைஃபை போன்கள் நன்றாகவே ஓடுகின்றன, அதை மறுக்கவில்லை. மடிக்கணினிகளுக்காகப் போட்ட வைஃபை அப்படிப்பட்டது இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் டெக்டிலேயே இருப்பேன். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையோடு அது மோதுவதும் இல்லை.

இடையில் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து மலிவாக வருகிறது என்று ஹேண்ட்செட் வாங்காதீர்கள். அமெரிக்காவில் டெக்ட் 6.0 என்ற பெயரில் விற்பவை 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. அந்தப் பட்டை வேறு பல நாடுகளில் மொபைல் சேவைக்குரியது. அங்கே அதை ஓட்டினால் மொபைல் கோபுரத்துக்கு இடையூறு, சட்டப்படியும் குற்றம். உங்கள் பேஸோடு அது சேரவும் செய்யாது. பெட்டியில் எந்த நாட்டுக்கானது என்று எழுதியிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. ஹேண்ட்செட் எத்தனை என்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்கள் என்பதுதான் கணக்கு. சிறிய பேஸ்களில் இந்த இரண்டு எண்களும் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். யீலிங்க் டபிள்யூ60பி என்ற பேஸ் எட்டு ஹேண்ட்செட்டையும் எட்டு அழைப்பையும் தாங்கும். வேறு சிலவற்றில் இருபது ஹேண்ட்செட் பதியலாம், ஆனால் எட்டு பேர்தான் ஒரே நேரத்தில் பேசலாம். இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். ஜி.722 என்ற தெளிவான குரல் கோடெக்கை (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) இயக்கினால் காற்றில் இரட்டிப்பு இடம் பிடிக்கும். எட்டு அழைப்பு தாங்கும் பேஸ் நான்கைந்தோடு நின்றுவிடும். பன்னிரண்டு பேரில் நெரிசலான நேரத்தில் ஐந்து பேர் பேசுவார்கள் என்றால் அதற்கு மேல் இரண்டு மூன்று இடம் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

சரி, இப்போது பேஸ் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். மொத்த வேலையில் முக்கியமானது இதுதான். அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான்.

சர்வர் அறையில் பேஸை வைப்பது எல்லோரும் செய்யும் முதல் காரியம். ஸ்விட்ச் அங்கே இருக்கிறது, கேபிள் அங்கே இருக்கிறது, பிளக் பாயிண்டும் இருக்கிறது. ஆனால் ரேடியோவுக்கு அதைவிட மோசமான இடம் கட்டடத்தில் கிடைக்காது. சுற்றிலும் இரும்பு அலமாரி, கனமான சுவர், மூடிய கதவு. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும். அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பும் பிஓஇ ஸ்விட்ச் இருந்தால், பேஸ் தொங்கும் இடத்தில் பிளக் பாயிண்ட்கூட வேண்டாம். ஆகவே பேஸை நடைபாதையின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் மாட்டலாம். கேபிள் இழுக்கும் கூலிக்குத் தயங்கி சர்வர் அறையிலேயே விட்டுவிட்டுப் பிறகு இரண்டாவது பேஸ் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விளம்பரத் தாளில் கட்டடத்துக்குள் 50 மீட்டர், திறந்தவெளியில் 300 மீட்டர் என்று இருக்கும். திறந்தவெளிக் கணக்கு உண்மைதான், தடையே இல்லாவிட்டால். உள்ளே அப்படி நம்ப முடியாது. ஜிப்சம் தடுப்புச் சுவரைச் சிக்னல் எளிதாகத் தாண்டும். கம்பி போட்ட கான்கிரீட் தளத்தில் பெருமளவு இழக்கும். லிஃப்ட் குழி, இரும்புக் கதவு, உலோகப் பூச்சுள்ள கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி இவை சிக்னலை விழுங்கும் அல்லது திருப்பி அடிக்கும். மனித உடலும் பெரும்பாலும் தண்ணீர்தான்; பேசுபவர் பேஸுக்கு முதுகு காட்டித் திரும்பினாலே அளவு குறைவதைத் திரையில் பார்க்கலாம்.

கிடங்கு தனிக் கதை. இரும்பு ரேக்குகள் மட்டுமல்ல, அவற்றில் என்ன அடுக்கியிருக்கிறது என்பதும் கணக்கில் வரும். பாதி காலியான கிடங்கில் அளந்துவிட்டு, சரக்கு நிறைந்தபின் அதே சிக்னலை எதிர்பார்க்கக் கூடாது. நான் நிறுவிய ஓரிடத்தில் பகல் முழுவதும் தடங்கல் இல்லாமல் ஓடிய போன்கள், மாலையில் மட்டும் கிடங்கில் அறுந்தன. ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) மாற்றினேன், ஹேண்ட்செட் மாற்றினேன், ஸ்விட்ச் போர்ட் மாற்றினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை அங்கேயே நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, வேலை முடியும் நேரத்தில் கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் நடுவே உள்ள இரும்பு ஷட்டரை இறக்குகிறார்கள். நான் அளந்தபோது அது திறந்திருந்தது. அன்றிலிருந்து கதவு, ஷட்டர் எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிட்டுத்தான் அளக்கிறேன்.

அளப்பது கடினமில்லை. ஒரு பேஸை நீளமான கேபிளில் இணைத்து, ஏணி உச்சியிலோ உயரமான கம்பத்திலோ, மாட்டப்போகும் உயரத்தில் தற்காலிகமாக நிறுத்துங்கள். ஒருவர் மேசை போனில் இருந்துகொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் ஹேண்ட்செட்டில் கேட்டபடி கட்டடம் முழுவதும் நடங்கள். பெரும்பாலான அலுவலக ஹேண்ட்செட்களில் சிக்னலை டிபிஎம் என்ற ரேடியோ சக்தி அளவில் காட்டும் மறைவான மெனு ஒன்று இருக்கும். கையேட்டில் தேடினால் கிடைக்கும். எண் மைனஸில் வரும். மைனஸ் 60 என்பது மைனஸ் 75-ஐவிட நல்லது. மூன்று டிபி குறைந்தால் சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள். மைனஸ் 70 வரை நிம்மதியாகப் பேசலாம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மைனஸ் 80-ஐத் தாண்டினால் அந்த இடம் நம்பிக்கைக்குரியது இல்லை. சரியான எல்லை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்று மாறும். கையேட்டில் இருப்பதையே பின்பற்றுங்கள். கட்டட வரைபடத்தை அச்செடுத்து, நின்ற இடத்தில் எல்லாம் அந்த எண்ணை எழுதுங்கள். கழிவறை, படிக்கட்டு, லிஃப்ட் வாசல், சாப்பாட்டு அறை, கிடங்கின் கடைசி மூலை எதையும் விடக் கூடாது. போனை எடுத்துக்கொண்டு ஆட்கள் போகும் இடங்கள் அவைதான்.

இந்த நடைக்குப் பிறகு ஒரு பேஸ் போதாது என்று தெரிந்தால் மூன்று வழி இருக்கிறது. அவற்றின் வேறுபாடு தெரியாமல் வாங்குவதால்தான் அதிகம் பணம் வீணாகிறது.

முதல் வழி, தனித்தனி பேஸ் இரண்டு வைப்பது. மலிவு. ஆனால் அவை ஒன்றையொன்று அறியாது. ஒரு ஹேண்ட்செட்டை இரண்டிலும் பதிந்து வைக்கலாம், ஆனால் பேசிக்கொண்டே ஒன்றின் எல்லையிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் அழைப்பு அறுந்துவிடும். மேல் மாடிக்காரர் கீழே வரவே மாட்டார் என்றால் மட்டும் இது சரி.

இரண்டாவது, பேஸின் சிக்னலை வாங்கி மேலும் நீட்டும் ரிப்பீட்டர். இதற்கு நெட்வொர்க் கேபிள் வேண்டாம், மின்சாரம் மட்டும் போதும். பேஸின் சிக்னல் இன்னும் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் வைக்க வேண்டும். சிக்னலே இல்லாத இடத்தில் வைத்தால் அது எதை நீட்டும்? ரிப்பீட்டர் புதிதாக அழைப்பு இடம் எதையும் சேர்க்காது, இருப்பதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதன் வழியாக ஒரே நேரத்தில் ஓடக்கூடிய அழைப்புகளும் சில மட்டுமே. ஒரு மூலையை எட்ட மட்டும் இது பொருந்தும். வாங்கும்போது உங்கள் பேஸோடு அது சேருமா, பேச்சை ஒட்டுக்கேட்க முடியாமல் மறைக்கும் குறியாக்கத்தை ஆதரிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மல்டிசெல். பல பேஸ்கள் ஒரே குடும்பமாகச் செயல்படும். பேசிக்கொண்டே நடந்தால் அழைப்பு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காதுக்குத் தெரியாமல் மாறும். அப்படி மாற, எல்லா பேஸ்களின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். 10 மில்லிநொடிச் சட்டகத்தில் 24 கூறுகள் என்று சொன்னேன் அல்லவா? இரண்டு பேஸ்களின் கூறுகளும் ஒரே தாளத்தில் விழுந்தால்தான் ஹேண்ட்செட் ஒன்றில் பேசிக்கொண்டே இன்னொன்றைக் கேட்க முடியும்.

இந்தத் தாளத்தை இரண்டு விதமாகச் சேர்க்கிறார்கள். காற்று வழியே சேர்ப்பதென்றால் ஒவ்வொரு பேஸும் தன் பக்கத்து பேஸை நன்றாகக் கேட்க வேண்டும். முதலாவது தலைமை, இரண்டாவது அதைப் பார்த்து ஓடும், மூன்றாவது இரண்டாவதைப் பார்த்து ஓடும். நடுவில் உள்ளதன் கேபிளை யாராவது பிடுங்கிவிட்டால் அதற்குப் பின்னால் உள்ளவையும் தாளம் தவறும். அதனால் தலைமை பேஸ் கட்டடத்தின் நடுவில் இருப்பது நல்லது, சங்கிலி நீளமாகாது. இதில் ஒரு இழுபறி உண்டு. அதிக இடத்தை மூட வேண்டுமானால் பேஸ்களைத் தள்ளி வைக்க வேண்டும், தாளம் கேட்க வேண்டுமானால் நெருக்கி வைக்க வேண்டும். அளக்கும்போது ஹேண்ட்செட் சிக்னலை மட்டும் பார்த்துவிட்டு, பேஸுக்கும் பேஸுக்கும் இடையே உள்ள சிக்னலைப் பார்க்க மறந்துவிடுவார்கள். மாடிகளுக்கு இடையே கான்கிரீட் தளம் தடுப்பதால் படிக்கட்டுக் கிணறு நல்ல வழி. அதன் அருகே மேலும் கீழும் ஒவ்வொன்று வைத்தால் தாளம் எளிதாகக் கடக்கும்.

இன்னொரு விதம், கேபிள் வழியே தாளம் சேர்ப்பது. ஐஇஇஇ 1588 என்ற நேர ஒத்திசைவு முறையில் இது நடக்கிறது. பேஸ்கள் ஒன்றையொன்று காற்றில் அந்த அளவுக்குக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் நெட்வொர்க்கில் துண்டு துண்டாகப் போகும் தகவல் பாக்கெட்டுகளை ஸ்விட்சுகள் சீராகக் கடத்த வேண்டும். நெரிசலான ஸ்விட்ச், நடுவில் நாலைந்து ஸ்விட்ச் என்றால் தாளம் ஆட்டம் காணும். எல்லா பேஸ்களையும் ஒரே வி-லேனில் (அதே கேபிள்களில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்), முடிந்தால் ஒரே ஸ்விட்சில் வையுங்கள்.

உங்களுக்கு என் பரிந்துரை: மூன்று பேஸ் கொண்ட சிறிய மல்டிசெல். மாடிக்கு ஒன்று, கிடங்கில் ஒன்று. கிடங்குக்குக் கேபிள் இழுக்கவே முடியாது என்றால் மட்டும் அங்கே ரிப்பீட்டர். இப்போது வாங்கிய பேஸ் மல்டிசெல்லில் சேராத வகையாக இருக்கலாம், ஆனால் ஹேண்ட்செட்கள் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் மல்டிசெல்லோடு சேரும். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெவ்வேறு நிறுவன ஹேண்ட்செட்களும் ஜிஏபி என்ற பொது முறையில் சேரும், பேசவும் முடியும். ஆனால் பொதுத் தொலைபேசிப் புத்தகம், அழைப்பு மாற்றுதல், காற்றுவழி ஃபர்ம்வேர் போன்றவை பெரும்பாலும் கிடைக்காது. அலுவலகத்துக்கு நான் கலக்க மாட்டேன்.

காற்று முடிந்தது, இனி கேபிள். இங்கே பயப்பட அதிகம் இல்லை. ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 87 கிலோபிட் செலவாகும். பத்து அழைப்பு ஓடினாலும் ஒரு மெகாபிட்டை எட்டாது. இணைப்பின் அகலம் பிரச்சினை இல்லை, வரிசைதான் பிரச்சினை. யாரோ பெரிய பேக்கப்பை இணையத்தில் ஏற்றும்போது குரல் பாக்கெட்டுகள் அதன் பின்னால் நிற்கும், பேச்சு உடைந்து கேட்கும். எனவே குரலுக்குத் தனி வி-லேன் போட்டு, குரல் பாக்கெட்டுகளுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமை முத்திரை வையுங்கள். பேஸ்கள் பலவற்றில் இது முன்னதாகவே அமைந்திருக்கும். ஆனால் ரூட்டர் அந்த முத்திரையை மதிக்கும்படி அமைக்காவிட்டால் பயனே இல்லை. ஸ்விட்சில் மட்டும் போட்டுவிட்டு இணைய வாசலில் விட்டுவிடுவது வழக்கமான தவறு. நெரிசல் அந்த வாசலில்தான். உங்கள் மேசை போன்களுக்கு ஏற்கெனவே குரல் வி-லேன் இருந்தால் பேஸையும் அதிலேயே போடுங்கள். பேஸின் முகவரி மாறாமல் இருக்க, முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபி சர்வரில் அதற்கென ஒன்றை ஒதுக்கிவையுங்கள். பேஸிலேயே நிலையான முகவரி எழுதுவதைவிட அது நல்லது. பின்னால் நெட்வொர்க்கை மாற்றும்போது ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

இப்போது ஒரு பக்கக் குரல். அழைப்பை ஏற்படுத்துவது எஸ்ஐபி என்ற நெறிமுறை, அது வழக்கமாக 5060 போர்ட்டில் (எண்ணிட்ட நெட்வொர்க் வாசல்) போகும். குரல் போவது வேறு போர்ட்டுகளில், ஆர்டிபி என்ற தனிப் பாதையில். எஸ்ஐபி செய்திக்குள்ளேயே "என் குரலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று பேஸ் எழுதி அனுப்புகிறது. அது அலுவலகத்தின் உள் முகவரியாக இருந்தால் வெளியில் உள்ளவருக்கு அதை அடைய வழியில்லை. இதைச் சரிசெய்வதாகச் சொல்லிக்கொண்டு ரூட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு வசதி இருக்கிறது. அது செய்தியைத் திறந்து முகவரியை மாற்றி எழுதும். பல ரூட்டர்களில் தவறாக எழுதும். முதலில் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாதிப் புகார்கள் அதோடு நின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

உறுதி செய்ய ஓர் எளிய சோதனை. கார்ட்லெஸ்ஸிலிருந்து மேசை போனுக்கு, எக்ஸ்டென்ஷன் விட்டு எக்ஸ்டென்ஷன் அழையுங்கள். பிபிஎக்ஸ் அலுவலகத்துக்குள்ளேயே இருந்து, உள் அழைப்பு நன்றாக இருந்து, வெளி அழைப்பில் மட்டும் ஒரு பக்கம் என்றால் ரூட்டர்தான். உள் அழைப்பிலேயே ஒரு பக்கம் என்றால், பேஸின் வி-லேனுக்கும் பிபிஎக்ஸுக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் ஆர்டிபி போர்ட்டுகளைத் தடுக்கிறது. ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட பிபிஎக்ஸ்களில் அவை வழக்கமாக 10000 முதல் 20000 வரை இருக்கும். அவற்றில் ஒன்றான ஃப்ரீபிபிஎக்ஸ் வைத்திருந்தால் *43 அழுத்துங்கள். பேசியது உங்களுக்கே திரும்பக் கேட்க வேண்டும்.

இதைச் சரிசெய்ய 5060-ஐ இணையத்திலிருந்து நேராகப் பேஸுக்குத் திறந்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் போர்ட்டைத் தேடி நாள் முழுவதும் இணையத்தில் தானியங்கி நிரல்கள் அலைகின்றன. நள்ளிரவில் பேய் அழைப்புகள் ஒலிக்கும்; பிபிஎக்ஸே திறந்து கிடந்து கணக்கின் பாஸ்வேர்டும் எளிதாக இருந்தால், உங்கள் செலவில் யாரோ வெளிநாட்டுக்குப் பேசுவார்கள்.

மதியம் ஒலிக்காததற்குக் காரணமும் ரூட்டர் பக்கம்தான், ஆனால் வேறு வகை. பேஸ் காலையில் சேவையிடம் பதிவாகிறது. அடுத்த பதிவு பெரும்பாலும் 3600 நொடி கழித்து. நடுவில் எதுவும் பேசாமல் இருந்தால், யுடிபி (இணைப்பைப் பிடித்து வைக்காமல் பாக்கெட் அனுப்பும் முறை) வழியைத் திறந்து வைத்திருக்கும் ரூட்டர் ஓரிரு நிமிடத்திலேயே, சிலது அரை நிமிடத்திலேயே அந்த வழியை மூடிவிடும். சேவை உங்களைப் பதிவானவர் என்றே நினைத்து அழைப்பை அனுப்பும். அது ரூட்டர் வாசலில் விழுந்துவிடும். அழைத்தவருக்கு மணி ஒலிப்பதுபோல்கூடக் கேட்கலாம். நீங்கள் வெளியே அழைத்தால் மட்டும் போய்விடும், அதனால் போன் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். காலையில் ஆட்கள் அடிக்கடி பேசுவதால் வழி திறந்தே இருக்கிறது, மதிய ஓய்வில் மூடிக்கொள்கிறது. பேஸ் அமைப்பில், வழி மூடாமல் இருக்க அவ்வப்போது சிறு செய்தி அனுப்பும் கீப்-அலைவ் என்பதை இயக்கி 20 அல்லது 30 நொடி வையுங்கள். சேவை அனுமதித்தால் யுடிபிக்குப் பதிலாக, இணைப்பைப் பிடித்து வைக்கும் டிசிபி அல்லது அதைக் குறியாக்கத்தோடு செய்யும் டிஎல்எஸ்ஸுக்கு மாறுவது இன்னும் நல்லது.

கணக்குகளை எழுதும் வரிசையும் இருக்கிறது. பேஸை இயக்கி, முகவரியைக் கண்டுபிடித்து, பிரவுசரில் திறந்ததும் நிர்வாகி பாஸ்வேர்டை மாற்றுங்கள். அப்புறம் ஃபர்ம்வேர், முதலில் பேஸுக்கு. பிறகு எஸ்ஐபி கணக்குகள். ஒவ்வொரு ஹேண்ட்செட்டுக்கும் தனி எக்ஸ்டென்ஷன் கொடுங்கள். ஒரே கணக்கைப் பன்னிரண்டில் போட்டால் யார் எடுத்தார், யார் பேசிக்கொண்டிருக்கிறார், யாருக்கு மாற்றுவது என்று எதுவும் தெரியாது. எல்லாம் ஒன்றாக ஒலிக்க வேண்டும் என்றால் அதற்கு பிபிஎக்ஸில் ரிங் குரூப் இருக்கிறது. கணக்கு பச்சையாகக் காட்டிய பிறகு ஹேண்ட்செட்டைப் பதியுங்கள். ஒவ்வொரு ஹேண்ட்செட்டுக்கும் ஐபிஇஐ என்ற தனி எண் உண்டு, பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருக்கும் அல்லது மெனுவில் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எக்ஸ்டென்ஷன் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே போங்கள்.

பதிவு பின் எண் பல பேஸ்களில் 0000. அதை மாற்றாமல் விட்டு, பதிவு முறையையும் திறந்தே வைத்திருந்தால், பக்கத்து அலுவலகத்தில் இருப்பவர்கூட தன் ஹேண்ட்செட்டை உங்கள் பேஸில் சேர்த்துவிட முடியும். வேலை முடிந்ததும் பதிவை மூடிவிட வேண்டும். காற்றுக் குறியாக்கம் இயங்குகிறதா என்றும் பாருங்கள். 2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில், மலிவான ஒரு ரேடியோ அட்டையை வைத்தே குறியாக்கம் இல்லாத டெக்ட் பேச்சுகளை ஒட்டுக்கேட்க முடியும் என்று ஓர் ஆய்வுக் குழு காட்டியது. இன்றைய அலுவலக பேஸ்களில் குறியாக்கம் பெரும்பாலும் இருக்கும், ஆனால் பழைய ரிப்பீட்டரைச் சேர்ப்பதற்காகச் சிலர் அணைத்துவிடுகிறார்கள். காற்றில் மறைத்த குரல் கேபிளில் திறந்தபடிதான் போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே மறைக்க, அழைப்புச் செய்திக்கு டிஎல்எஸ், குரலுக்கு எஸ்ஆர்டிபி இரண்டும் வேண்டும், பிபிஎக்ஸும் அவற்றை ஏற்க வேண்டும்.

தினசரிப் பயன்பாட்டில் தொல்லை தருவது சார்ஜர் தொட்டில்கள். நல்ல சிக்னல் உள்ள இடத்தில் அவை இருக்க வேண்டும். போன் அதிக நேரம் இருப்பதும் ஒலிப்பதும் அங்கேதான். ஹேண்ட்செட் ஃபர்ம்வேர் காற்று வழியே மெதுவாக ஏறும், பலவற்றில் தொட்டிலில் இருந்தால்தான் ஏறும். எனவே அதை இரவில் செய்யுங்கள், எல்லா ஹேண்ட்செட்டும் தொட்டிலில் இருக்கின்றனவா என்று மாலையில் ஒரு சுற்று பார்த்துவிட்டு.

மின்சாரம் போனால் மேசை போனும் கார்ட்லெஸ்ஸும் ஒன்றாகப் போகும். பிஓஇ ஸ்விட்ச், ரூட்டர், பிபிஎக்ஸ், இணைய மோடம் நான்கும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். பேஸ்கள் ஸ்விட்சிலிருந்தே மின்சாரம் எடுப்பதால் அவையும் தானாகப் பாதுகாப்புக்குள் வந்துவிடும். ரிப்பீட்டர் மட்டும் தனி பிளக்கில் இருப்பதால் அது விடுபட்டுப் போகும், அதைத் தனியாகக் கவனியுங்கள். அவசர எண்ணை அழைத்தால் போகிறதா, எந்த முகவரியைக் காட்டுகிறது என்பதைச் சேவை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். கிடங்கில் ஒருவருக்கு அடிபட்டால் அவர் கையில் இருக்கப்போவது இந்த போன்தான்.

நாளை காலையில் தொடங்க வேண்டியது, எதையும் வாங்காமல்: ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜியை அணைத்து, பேஸில் கீப்-அலைவை 30 நொடிக்கு வையுங்கள். இந்த இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி ஒரு நாள் பார்த்துவிட்டு அடுத்ததை. அதற்குள் நீளமான கேபிள் ஒன்று தேடி, பேஸை சர்வர் அறைக்கு வெளியே, கிடங்குப் பக்கம் போகும் நடைபாதையில் உயரத்தில் கட்டுங்கள். ஷட்டரை இறக்கச் சொல்லுங்கள். ஹேண்ட்செட்டை எடுத்துக்கொண்டு கிடங்கின் கடைசி ரேக் வரை நடந்து, அங்கே திரையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 70-க்குள் இருந்தால் கிடங்குக்குத் தனி பேஸ் தேவையில்லாமலே போகலாம். 80-ஐத் தாண்டியிருந்தால் கிடங்குக்கு ஒரு கேபிள் இழுக்க ஆளைக் கூப்பிடுங்கள். அந்த எண்ணோடும் வரைபடத்தோடும் மறுபடி எழுதுங்கள், மூன்று பேஸும் எங்கெங்கே என்று சேர்ந்தே குறித்துவிடலாம்.